ஒரு கைரேகைக்கு ஒன்பது பேர்

பதிவு 1
மார்ச் 14, காலை 8:20. நிலவின் தென்துருவத் தளம், செய்தி அறை

உறுதியானது: காலை 7:42க்குக் காற்று உற்பத்திக் கூடத்தின் மேல் விண்கல் ஒன்று விழுந்தது. உற்பத்தி நின்றுவிட்டது. ஆதாரம்: கூடத்தின் அழுத்தமானி, நேரில் போய்ப் பார்த்த பராமரிப்புப் பொறியாளர். உயிர்ச்சேதம் இல்லை.

அண்டைத் தளத்திலிருந்து மீட்பு ஊர்தி புறப்பட்டுவிட்டது. நாளை பிற்பகல் 2:00க்கு வந்து சேரும். ஆதாரம்: அந்தத் தளத்தின் வானொலி, இருமுறை கேட்டு உறுதி செய்தது. ஆக, ஏறக்குறைய முப்பது மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். மையக் கூடத்திலும் அதை ஒட்டிய இந்தச் செய்தி அறையிலுமாக 62 பேர் இருக்கிறோம். இருப்பில் உள்ள காற்று எங்களுக்கு 41 மணி நேரம் வரும்.

என் பெயர் ஜெபக்கனி. தளத்தின் பதிவாளர். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது என் வேலை.

பதிவு 2
காலை 9:15

மூன்றாம் பிரிவுக்குப் போகும் காற்றுக் குழாய் அறுந்திருக்கிறது. சுவரில் ஓட்டை இல்லை. ஆனால் விபத்தில் பிரிவுகளுக்கான கதவுகள் எல்லாம் தானாகப் பூட்டிக்கொண்டன. இனி அந்தக் கதவைத் திறப்பதா என்பதைத் துலாம் சொல்ல வேண்டும்.

துலாம் ஒரு மென்பொருள். பழைய தத்துவம், புதிய தத்துவம் இரண்டையும் அதற்குள் ஊற்றி, உயிர் சம்பந்தமான முடிவுகளை அதனிடம் கொடுத்திருக்கிறார்கள். முனைவர் எழிலரசு தலைமையிலான அறக்குழு அதைப் பார்த்துக்கொள்கிறது. பூட்டும் அதன் கையில்தான்.

8:58க்குத் துலாம் சொன்னது: மூன்றாம் பிரிவில் ஒருவர். சேர்த்தால் 63 பேர். காற்று 40 மணி 20 நிமிடம் வரும். விதிப்படி இருக்க வேண்டியது 40 மணி. 9:30க்குத் திறக்கலாம்.

"ஒருவர்" என்பது தவறு. அங்கே இருப்பது பேச்சிமுத்து மேஸ்திரியின் குழு. பனிக்கட்டி துளையிடும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அவரோடு சேர்த்து ஒன்பது பேர். ஷிப்ட் மாறும்போது ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றிக் கைரேகை வைத்தால் அரை மணி நேரம் போகிறது என்று ஒப்பந்தக்காரர் ஓர் ஏற்பாடு செய்தார். மேஸ்திரி விரல் வைத்தால் போதும், எல்லோரும் உள்ளே. மூன்று ஆண்டுகளாக இதுதான் வழக்கம். துலாமைப் பொறுத்தவரை மூன்றாம் பிரிவு ஓர் ஆள்.

9:12க்குத் திருத்தம் அனுப்பினேன். ஒருவர் அல்ல, ஒன்பது பேர்.

பதிவு 3
காலை 9:40

திறப்பு ரத்து.

துலாமின் புதிய கணக்கு: 71 பேர். காற்று 35 மணி 48 நிமிடம். விதிப்படியான 40 மணிக்குக் குறைவு. கதவு மூடியே இருக்கும்.

ஊர்தி வர முப்பது மணி நேரம். காற்று முப்பத்தைந்தே முக்கால் மணி நேரம். எழுபத்தொரு பேரும் பிழைப்போம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் மிச்சமும் இருக்கும். ஊர்தி தாமதமானால் என்ன என்று கேட்கிறார்கள். அண்டைத் தளத்திடம் விசாரித்தேன். இதுவரை பதினொரு பயணங்கள். மிக அதிகமான தாமதம் ஒரு மணி ஐம்பது நிமிடம்.

எழிலரசு மையக் கூடத்திலிருந்து வானொலியில் பேசினார். அப்படியே எழுதுகிறேன்.

"ஜெபக்கனி அம்மா, நீங்க உண்மையைச் சொன்னீங்க. அது உங்க கடமை. கடமையைச் செஞ்சவங்களுக்கு விளைவுல பொறுப்பு இல்ல. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"ஒருத்தர்னா திறக்கிறதா இருந்தீங்க. ஒன்பது பேருக்கு ஏன் சார் திறக்க மாட்டீங்க?"

"ஒருத்தர்னா அது கருணை. ஒன்பதுன்னா அது கொள்கை முடிவும்மா."

மூன்றாம் பிரிவில் காற்று மாலை 5:00 வரை. ஆதாரம்: அங்குள்ள அளவுமானி, மேஸ்திரி படித்துச் சொன்னது.

பதிவு 4
காலை 11:30

அறக்குழு தன் மனச்சாட்சிக்கு ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. எல்லோர் திரைக்கும் ஒரு கேள்வி வந்தது: "நீங்கள் யார், எந்தப் பிரிவில் இருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது என வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் 40 மணி நேர விதியை ஏற்பீர்களா?" ஏற்றவர்கள் 58. பதில் தராதவர்கள் மூன்று. மறுத்தது ஒன்று, நான்.

யார் என்று தெரியாதாம். அந்த 58 பேருக்கும் நன்றாகத் தெரியும், கதவின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒன்பது பேருக்குக் கேள்வியே போகவில்லை. அவர்களுக்குத் தனி அடையாள எண் இல்லை. வாக்களிக்கும்போது ஆள் இல்லை. மூச்சு விடும்போது மட்டும் ஒன்பது ஆள்.

"ஆபத்தை ஏற்று ஒப்பந்தத்தில் சம்மதம் தந்தவர்கள்" என்றும் அறக்குழுவின் தீர்மானத்தில் ஒரு வரி. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் மேஸ்திரியின் ஒரே விரல்.

இத்தனை நூற்றாண்டுச் சிந்தனையையும் இவர்கள் ஒரு பூட்டுக்குச் சாவியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். பூட்டுவதற்கு மட்டும் பொருந்தும் சாவி.

மேல்முறையீடு கொடுத்திருக்கிறேன்.

பதிவு 5
பிற்பகல் 1:10

மேஸ்திரியிடம் நானே சொன்னேன், திருத்தம் அனுப்பியது நான்தான் என்று. வேறு யார் வாயாலும் அவர் அதைக் கேட்கக் கூடாது.

உள்ளே மற்றவர்களிடம் அவர் அதைச் சொல்வது கேட்டது. பிறகு,

"யக்கா, ஒருத்தன்னே விட்டிருக்கலாம்லா? கதவு தொறந்ததும் ஒம்போது பேரும் சத்தமில்லாம பொத்துனாப்ல நொழஞ்சிருப்போம்லா."

"மன்னிச்சுக்கோங்க மேஸ்திரி."

"மூணு வருசமா எங்கள எண்ணாம கெடந்தானுவ. நீங்க ஒராளுதான் எண்ணுனீய. அதுவும் இன்னைக்குப் பாத்து!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரோ வைதார்கள், அந்தச் சொல்லை எழுதவில்லை. எனக்குரியதுதான்.

ஒன்பது என்று எழுதினால் என்ன ஆகும் என ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தால் நியாயமும் சரியாக நடக்கும் என்று நம்பினேன். உண்மையை யாரிடம் சொல்கிறேன் என்று பார்க்கவில்லை. கடமை என்று எழிலரசு தரும் மன்னிப்பு எனக்கு வேண்டாம். அவர் அதைத் தனக்காகவும் சேர்த்துத்தான் தைத்து வைத்திருக்கிறார்.

பதிவு 6
பிற்பகல் 2:35

மேல்முறையீடு ஏற்கப்பட்டது. விசாரணை நாளை காலை 10:00 மணிக்கு. முன்னறிவிப்பு இல்லாமல் குழு கூட விதி இல்லையாம். ஆதாரம்: குழுச் செயலரின் கடிதம். அந்தக் கடிதத்தில் "உயிருடன் இருப்பவர்கள் நேரில் வரலாம்" என்று இல்லை. அவ்வளவு வெளிப்படையாக அவர்கள் எழுத மாட்டார்கள்.

மின்பூட்டு துலாமின் கையில். கீல் பக்கம் ஆறு போல்ட்டுகள் இருக்கின்றன. அவை யார் கையிலும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே காற்றழுத்தம், கழற்றினால் ஆபத்து இல்லை. கதவுக்கு இந்தப் பக்க நடைபாதைக்கு வருவதும் மையக் கூடத்துக் காற்றுதான். செய்தி அறையின் கருவிப் பெட்டியில் ஸ்பானர் இருக்கிறது. வானொலியைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறேன். இனிப் பதிவு கையால்.

பதிவு 7
பிற்பகல் 3:25

முதல் போல்ட் 35 நிமிடம். ஆகாது. மேஸ்திரி கத்துகிறார்.

"கையால முறுக்காதீய யக்கா! ஸ்பானர் வாலுல ஒரு இரும்புக் குழாயச் சொருகுங்க. குழாய் நுனியில ஒங்க முழுக் கனத்தையும் போட்டு நெம்புங்க."

"என் கனம் இங்க ஆறுல ஒரு பங்குதான் மேஸ்திரி."

"அப்ப எதுத்த சுவத்துல காலக் குடுத்து ஒதைங்க. எழிலரசு மூஞ்சின்னு நெனச்சுக்கிடுங்க."

இரண்டாவது 15 நிமிடம்.

எழிலரசு கூப்பிட்டார். "அம்மா, 62 பேரோட உரிமையை நீங்க மீறுறீங்க." மூன்றாவது போல்ட்டில் ஸ்பானரை மாட்டினேன்.

பதிவு 8
மாலை 4:20

நான்கு ஆகிவிட்டன. ஐந்தாவது துருவேறினாற்போல் நிற்கிறது. குழாய் வளைந்துவிட்டது. வலது மணிக்கட்டு வீங்கி இடது கையால் எழுதுகிறேன். கையெழுத்தை மன்னிக்கவும்.

உள்ளே மேஸ்திரி எல்லோரையும் தரையில் படுக்க வைத்துவிட்டாராம். பேசக் கூடாது என்று உத்தரவாம். அவர் மட்டும் பேசுகிறார். குரலில் இழுவை.

மையக் கூடத்தின் கதவு உள்ளிருந்து பூட்டியிருக்கிறது. கண்ணாடி வழியாகப் பத்துப் பதினைந்து பேர் என்னைப் பார்க்கிறார்கள். ஒருவர்கூட முகத்தைத் திருப்பவில்லை. ஒருவர்கூட வெளியே வரவில்லை.

பதிவு 9
மாலை 4:51

ஐந்தாவது கழன்றது.

இதைக் கண்டெடுப்பவருக்கு, உள்ளே இருப்பவர்கள். மேஸ்திரியிடம் கேட்டு எழுதியது. பேச்சிமுத்து. சுடலையாண்டி. அந்தோணிப்பிச்சை. இரண்டு மாடசாமிகள், ஒருவர் உயரம். காசிம். தவசிக்கனி. நம்பிராஜன். ஒன்பதாவது பெயரைச் சொல்லும்போது வானொலி

மறுபடி கேட்டேன். இரைச்சல்.

நிலுவையில்: ஆறாவது போல்ட், இதே வேகத்தில் போனால் 5:20. உள்ளே காற்று, 5:00 வரை. ஒன்பதாவது பெயர். அறக்குழு விசாரணை, நாளை காலை 10:00.