முந்தானைக்குள் கைகள்

காக்ஸ் டவுன், பெங்களூர்
7.6.2004

அன்புள்ள சுனிதாவுக்கு,

உன் கடிதத்தில் இரண்டு பிழைகள். சிவப்பு மையில் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். காது கேளாதவள் என்பதற்காக எழுத்தில் சலுகை கிடையாது.

சைகை மொழியைக் கணினிக்குக் கற்றுத்தரும் வேலை என்கிறாய். நீ பேசப் பழக வேண்டும் என்று பத்து வருடம் கண்ணாடி முன் உட்காரவைத்தேன். இப்போது கையை ஆட்டவா சம்பளம்? சர்ச்சில் கேட்டவர்களிடம் டைப்பிங் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

இப்படிக்கு,
பியாட்ரிஸ் ஞானசேகரன்

வைட்ஃபீல்ட்
15.6.2004

அன்புள்ள அம்மாவுக்கு,

சாப்பாடு பரவாயில்லை. வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரே சைகையை நூறு முறை செய்கிறோம். கேமரா படம் பிடிக்கிறது. கணினி அதைப் பார்த்துப் பார்த்துப் பழகுகிறது. பதினொரு பேருடைய சைகை அதற்குப் புரிகிறது. என்னுடையது புரியவில்லை.

எங்கள் மேலாளர் ராஜேஷ்குமார் சார் படத்தை நிறுத்திக் காட்டினார். சைகை செய்யும்போதே என் கைகள் மேசைக்குக் கீழே, மடிக்கு இறங்கியிருக்கின்றன. "ஏன் ஒளிக்கிறீங்க?" என்று எழுதிக் கேட்டார். பஸ்ஸில் என் கைகளை உங்கள் முந்தானைக்குள் அழுத்திப் பிடித்துக்கொள்வீர்கள். அது பழகிவிட்டது. அதைச் சொல்லவில்லை. ஏ.சி. குளிர் என்று எழுதிக் கொடுத்தேன்.

கையை உயர்த்தப் பார்க்கிறேன். தானாக இறங்கிவிடுகிறது. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் எடுப்பார்களாம்.

உங்கள் மகள்,
சுனிதா

காக்ஸ் டவுன்
19.6.2004

என் சுனிதாவுக்கு,

கடிதத்தில் பிழை தேடினேன். இல்லை.

உனக்கு ஆறு வயது. பஸ்ஸில் ஒருத்தி, "ஊமைப் பொண்ணு போல, பாவம்" என்றாள். அந்தப் பாவம் என்ற சொல் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றுதான் முதல்முறை உன் கைகளை மூடினேன். நீ மறந்திருப்பாய் என்று நினைத்தேன். இன்று ஒரு கணினிக்குக்கூட அது தெரிந்துவிட்டது. அதையும் மறைக்க நீ எனக்காகப் பொய் எழுதியிருக்கிறாய்.

இத்துடன் ராஜேஷ்குமாருக்கு ஒரு கடிதம் இருக்கிறது. கைகளை ஒளித்தது நீயல்ல, நான் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அவகாசமும் கேட்டிருக்கிறேன். படித்துவிட்டுக் கொடு.

நாளை சர்ச்சில் உன் வேலை என்னவென்று சொல்லிவிடுவேன். சனிக்கிழமை வைட்ஃபீல்டுக்கு வந்து உன்னை அழைத்துவருகிறேன். பஸ்ஸில் கையை உயர்த்தி, உனக்குத் தோன்றியதையெல்லாம் பேசு. எனக்கு ஒரு சொல்லும் புரியாது. கற்றுக்கொள்ளாமல் இருந்துவிட்டேன். ஆனாலும் வீடு வரும்வரை உன் கைகளையே பார்த்துக்கொண்டு வருவேன்.

அம்மா