தெர்மோகோல் வார்த்தைகள்

ஜூன் 3
இன்று முதல் எனக்கு இரண்டு உத்தியோகம். பகலில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர், சாயங்காலம் இங்கிலீஷ் வாசிப்பு. மகள் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்குத் தயாராகிறாள். ஒருவர் இங்கிலீஷில் வாசிப்பார், இவள் கேட்ட கையோடு தமிழில் சொல்ல வேண்டும். அதுதான் தேர்வு. போன தடவை கோட்டை விட்டாள். இந்தத் தடவையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

வேலை பார்க்கும் வக்கீல் ஆபீசிலிருந்து பழைய பத்திர நகல்களைக் கட்டாகக் கொண்டுவந்திருக்கிறாள். வாசிக்க ஆள் வேண்டுமாம். வீட்டுக்காரி என்னைக் கைகாட்டிவிட்டாள். நான் பத்தாவதில் இங்கிலீஷ் பாஸானதே பேப்பர் திருத்தியவரின் கருணை. அது அவளுக்குத் தெரியாதா என்ன?

ஜூன் 6
ஹியர்பை. தேர்இன். நாட்வித்ஸ்டாண்டிங். பத்திரத்தில் வரிக்கு வரி இந்த மாதிரி வார்த்தைகள். நாக்கு சுளுக்கிக்கொண்டது. நான் தடுக்கும் இடத்தில் அவளும் தடுக்கி விழுகிறாள். பார்க்கப் பாவமாக இருக்கிறது.

ஜூன் 7
ஒரு வழி கண்டுபிடித்தேன். புது ஃப்ரிட்ஜ் வரும் பெட்டியில் தெர்மோகோல் இருக்கும். எடுத்துப் போட்டாலும் ஃப்ரிட்ஜ் ஓடும். இந்த வார்த்தைகளும் அப்படித்தான் என்று விட்டுவிட்டு வாசித்தேன். மகள் மடமடவென்று சொன்னாள். "இன்னிக்கு நல்லா ஓடுச்சுல்லப்பா?" என்றாள். ஓடியது. மூளை என்றால் இதுவல்லவா மூளை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஜூன் 15
கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். காதில் போன வாக்கியம் வாயில் தமிழாக வருகிறது. நடுவில் என்னதான் நடக்கிறது? ஆயுசு முழுக்கக் கம்ப்ரசரைத் திறந்து பார்த்தவன் நான் — இதைத் திறந்து பார்க்க வழியில்லை.

ஜூன் 20
வக்கீல் இன்று ஒத்திகை வைத்தாராம். உத்தரவாதப் பத்திரம். ஒரு வருஷம் பழுதை விற்றவர் பார்ப்பார், அதன்பிறகு செலவு வாங்கியவருடையது. அந்த 'தேர்ஆஃப்டர்' இவள் காதில் ஏறவே இல்லை. அதை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறாள். அப்புறம் என்ன, முதல் நாளிலிருந்தே செலவு வாங்கியவன் தலையில். "அதன்பிறகை எங்கம்மா தொலைச்சே?" என்று கேட்டாராம்.

"இத்தனை நாள் கேட்டும் எப்படிப்பா விட்டுப்போச்சு?"

கேட்டால்தானே.

ஜூன் 21
காலையில் டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன். தெர்மோகோல் கதை உட்பட. மகள் தம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். வீட்டுக்காரிதான் பொரிந்தாள். "புள்ளைக்கு ஒத்தாசை பண்ணச் சொன்னா, வார்த்தையத் திருடி ஒளிச்சு வச்சிருக்காரு மனுஷன்."

பிறகு மகள் சொன்னாள். "அது தெர்மோகோல் இல்லப்பா. கதவு ரப்பர்."

அவ்வளவுதான், எனக்கு உறைத்துவிட்டது. கதவைச் சுற்றி ஓடும் அந்தப் பட்டையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அது விலகினால் உள்ளே இருக்கிற குளிரெல்லாம் வெளியே. இதை எத்தனை வீட்டில் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன்! என் தொழிலை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். வலித்தது. பெருமையாகவும் இருந்தது.

ஜூன் 24
இப்போது ஒரு வார்த்தை விடுவதில்லை. நாக்கு சுளுக்கினால் சுளுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் மகள் அர்த்தம் சொல்கிறாள். 'ஹியர்பை' போட்டு ராஜினாமா எழுதினால், அந்த எழுத்திலேயே காரியம் முடிந்தது. ஸ்விட்ச் மாதிரி. என்ன அழகு! 'நாட்வித்ஸ்டாண்டிங்' — வேறு எங்கே என்ன எழுதியிருந்தாலும் இதுதான் செல்லும். எங்கள் வீட்டில் அந்த அதிகாரம் யாரிடம் என்று நான் எழுத வேண்டியதில்லை. 'ஹென்ஸ்ஃபோர்த்' — இந்த நொடி தொடங்கி, இனிமேல்.

"இனிமே உங்களுக்குச் சர்க்கரை கிடையாது" என்று மேற்படி அதிகாரி டீயை நீட்டினாள்.

ஜூலை 2
தேர்வு. வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ஸ்க்ரூ டிரைவரை ஒரு வீட்டு ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்து மூடிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 19
பாஸாகி வேலையில் சேர்ந்த முதல் வாரமே மகளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. காலையிலிருந்து கோர்ட்டில் பேசினால் கட்டாமல் என்ன செய்யும்? வெந்நீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். ஒருவரைக் குடியிருக்கும் வீட்டைவிட்டுக் காலி செய்யச் சொல்லி வழக்கு. நீதிபதி தீர்ப்பை இங்கிலீஷில் வாசித்தார். இனிமேல் யாரும் அவரைக் காலி செய்யச் சொல்ல முடியாது என்று இவள் தமிழில் சொன்னாள். அந்த மனிதர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டாராம்.

"இனிமேலாம்மா?"

"ஆமாங்க, இனிமேல்."

"நாளைக்கும்?"

"நாளைக்கும்தாங்க."

நான் எழுந்து போய் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவைச் சும்மா ஒரு தடவை திறந்து மூடினேன். நன்றாகப் பிடித்தது.