எலிக்காக வைத்த வேண்டுதல்

புதூர்,
14.11.2004

அன்புத் தங்கை மாரிசெல்விக்கு,

அக்கா சுந்தரம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நாங்களும் ஆடுகளும் சுகம். அமெரிக்காவில் நீயும் உன் எலிகளும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ போன் பண்ணிய அன்று கடற்கரை அண்ணாச்சியின் போன் கடையில் நின்றபடியே குதித்தேன். எலியின் உடம்பில் குரங்கின் செல்லை ஏற்றி மூன்று தடவை தோற்றாயிற்று, நாலாவது தடவையும் பிழைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று அழுதவள் நீ. ஆறு வாரம் கழித்தும் எலி ரத்தத்தில் குரங்கு செல் உயிரோடு இருக்கிறது என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இனி மருந்து தேடுகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் குரங்கைப் பிடித்துக் குத்த வேண்டாமாமே! உன் அத்தான், எங்க கொழுந்தியா எலிக்குள்ள கொரங்க குடிவச்சிட்டா என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். ஏலே, அப்போ அந்த எலி மரம் ஏறுமா என்று டீக்கடையில் சங்கிலிப்பாண்டி கேட்டாராம்.

ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் எலிகளுக்குப் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி கிடையாது, சளி பிடித்தால்கூடச் செத்துப்போகும் என்று போன வருஷம் எழுதியிருந்தாய். எனக்கு மனசு கேட்கவில்லை. கழுகுமலை முருகன் கோயிலுக்குப் போய், அதுகள் திடமாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உண்டியலில் போட எலி உரு கேட்டால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் வெள்ளியில் ஆட்டு உரு வாங்கிப் போட்டு, முருகா, இத எலின்னு நெனச்சுக்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் நீ விவரம் எழுதினாய். எலி திடமாக இருந்தால் குரங்கு செல்லை வேற்றாள் என்று விரட்டிவிடுமாம். நோஞ்சானாக இருப்பதால்தான் இடம் கொடுக்கிறதாம். எனக்குப் பக்கென்றது. நீ தோற்றதற்கெல்லாம் நான்தான் காரணமோ! மறுநாளே பஸ் ஏறிப் போய் வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். சிரிக்காதே.

நமக்குத் தெரியாத சங்கதியா இது? தாய் செத்த குட்டியை வேறு ஆடு முட்டித் தள்ளத்தான் செய்யும். குட்டி மேல் உப்புத் தண்ணீர் தெளித்து அந்த ஆட்டை நக்கவிட்டால் நாலைந்து நாளில் மடிக்குச் சேர்க்கும். நேற்றுக்கூட ஒரு குட்டி சேர்ந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாந்தடவை கோயிலில் நின்றபோது, அந்த செல் பிழைக்காமல் போனால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாயே என்று ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அம்மா போன பிறகு என் இடுப்பிலேயே வளர்ந்தவள் நீ. அந்த ஆசையை விழுங்கிவிட்டு, பிழைக்க வேண்டும் என்றே கேட்டேன்.

முதல் வருஷமெல்லாம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன் என்று எழுதுவாய். இப்போது கூட வேலை பார்க்கிறவர்கள் கேக் வெட்டி உனக்கு ஊட்டிவிட்டார்கள் என்கிறாய். அந்த செல் பிழைத்ததைவிட எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

நன்றாக இரு தாயி. சித்திரையில் ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. இங்கே உன்னைச் சேர்த்துக்கொள்ள யாரும் உன் மேல் உப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா
சுந்தரம்மாள்