மூன்று ராசாக்கள் திருநாளுக்கு முன்னும் பின்னும்

டிசம்பர் 28

டயாலிசிஸ் முடிந்து மனைவியைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்து வந்தேன். வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குச் சட்டையைக் கழற்றக்கூட அலுப்பு. காலையில் ஏழாம் மாடி லிஃப்டின் கதவு மூட மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஊரையெல்லாம் லிஃப்டில் ஏற்றி இறக்கும் வேலை எனக்கு. நம் பாடு மட்டும் இரண்டு மாடிக்கு நடுவே நிற்கிறது.

டிசம்பர் 30

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் பிடித்துக்கொண்டார். குழந்தை இயேசுவுக்கு மூன்று ராசாக்கள் காணிக்கை கொண்டுவந்த திருநாளன்று காணிக்கைப் பவனியில் நானும் ஒரு கிண்ணம் ஏந்த வேண்டுமாம். பொன் மருந்துக்கடைக்காரருக்கு, சாம்பிராணி பாடகர் குழு டீச்சருக்கு. எனக்கு வெள்ளைப்போளம், பிணத்துக்குப் பூசுவது. ஆள் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார் என்று வீட்டில் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரித்து எவ்வளவு காலமாயிற்று! அதற்காகவே சரி என்றேன்.

இன்னொன்றும் சொன்னார்: திருநாள்வரை தினமும் மாலையில் கோயிலில் நற்கருணைப் பேழை முன் கால் மணி நேரம் பேசாமல் இருக்க வேண்டும். தூங்கிவிடுவேன் ஃபாதர் என்றேன்.

“தூங்குங்க. ஆனா இங்க வந்து தூங்குங்க.”

ஜனவரி 1

தூங்கிவிட்டேன்.

ஜனவரி 2

இன்று தூக்கம் வரவில்லை. அதுதான் தொல்லை. சும்மா உட்கார்ந்தால் மனம் நேரே சின்னவளிடம் போகிறது.

சின்னவள், என் மனைவியின் தங்கை. சிறுநீரகம் பொருந்துகிறது என்றதும் தருகிறேன் என்றாள். அறுவைக்கு நாள் குறித்த பிறகு மாட்டேன் என்றுவிட்டாள். பயமாம். அன்றோடு பேச்சு நின்றது. அவள் மனதை மாற்றும் ஆண்டவரே, மாற்றும் — இத்தனை மாதமாக இதுதான் என் ஜெபம். ஜெபமா இது? அவள்மேல் கடவுளிடம் போட்ட வழக்கு.

ஜனவரி 4

கஞ்சி கொடுக்கும்போது மனைவியிடம் இந்த ஜெபத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கரண்டியை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்:

“அவ பயந்தாங்கொள்ளிதான். தர்றேன்னு வாய்விட்டுச் சொன்னாளே, அதையே நான் எதிர்பார்க்கல.” பிறகு, “அவ தராதது எனக்கு வலிக்கலங்க. வராததுதான் வலிக்குது. நீங்க இருக்கீங்கன்னுதான் வர்றதில்ல.”

நானா? இந்த வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நிற்பது நானா? அவளுக்காகத்தானே கோபப்பட்டேன். அவளுக்காகத்தானே...



ஜனவரி 5

கோயிலில் சின்னவளின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். பிறகு தாடை வலித்தது, விட்டுவிட்டேன்.

ஜனவரி 6

திருநாள். கோயில் நிறைந்திருந்தது. கிண்ணத்தோடு பீடத்தை நோக்கி நடக்கையில் கடைசித் தூணருகே சின்னவளைப் பார்த்தேன். தனியாக நின்றாள். இளைத்திருந்தாள்.

பூசை முடிந்ததும் போனேன். என்னைக் கண்டதும் நகரப் பார்த்தாள். பின்னால் சுவர்.

“அக்கா எப்படி இருக்கா அத்தான்?”

“நீயே வந்து பாரு.” அன்பாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் கடுகடுவென்று வந்தது.

“என்னால இப்பவும் முடியாது அத்தான். அதுக்காகக் கூப்பிடுறீங்கன்னா...”

“அதுக்கில்ல. இனிமே அதைக் கேக்கவே மாட்டேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. கைக்கெட்டிய ஒரே நம்பிக்கையை நானே கீழே வைத்துவிட்டேன். சின்னவள் அழுதாள். நான் அங்கே அழவில்லை. வெளியே வந்து வண்டியருகே நின்று அழுதேன். நல்லது செய்த மாதிரியே இல்லை; தோற்றுப்போன மாதிரி இருந்தது. நாளையிலிருந்து எதைக் கேட்டு ஜெபிப்பேன்?

ஜனவரி 8

சின்னவள் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றவே அரை யுகம் எடுத்துக்கொண்டாள். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அக்காள் படுத்திருந்த அறையில் முதலில் அழுகை. அப்புறம் சின்ன வயதில் யார் யாரை அடித்தது என்று சண்டை. சண்டை போடக்கூட என் மனைவிக்குத் தெம்பு இருக்கிறதே!

ஜனவரி 15

ஆஸ்பத்திரியில் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் வரிசையில் இன்னும் இருக்கிறோம். எப்போது என்று யாரும் சொல்லவில்லை. அவள் கால் மறுபடி வீங்கியிருக்கிறது. எனக்கும் அலுப்பு தீர்ந்தபாடில்லை.

இன்று டயாலிசிஸுக்குச் சின்னவள்தான் கூட்டிப்போனாள். வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போனேன். திருநாள் முடிந்துவிட்டது, என்னை யாரும் வரச் சொல்லவில்லை. ஆண்டவரிடம் கேட்க எவ்வளவோ இருந்தது. கேட்கத் தோன்றவில்லை. கதவைப் பூட்ட வந்த சாமியாரிடம், இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றேன்.