படகுக்குச் சூலம் பார்த்த அப்பா

கரமனை, திருவனந்தபுரம்
9.2.2003

சிரஞ்சீவி சுமந்துக்கு அம்மா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலையும் கரமனைக் கொசுவையும் தவிர எல்லாம் சௌக்கியம். நீ, மருமகள் பத்மஜா, புதிதாக வாங்கின படகு, மூவரின் சௌக்கியத்துக்கும் எழுதவும். ஆஸ்திரேலியாவிலிருந்து கொச்சிக்கு விமானமே இல்லாத மாதிரி பாய்மரப் படகில்தான் வருவோம் என்று இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள். நான் அழுதும் பார்த்தேன், போனில் பேசாமல் இருந்தும் பார்த்தேன், நடக்கவில்லை. வழி காட்டுகிற சாப்ட்வேராவது ஒழுங்காக இருக்கட்டும் என்றுதான் நீ அனுப்பின இரண்டு சிடியையும் அப்பா கையில் கொடுத்தேன். எது நல்லது என்று ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நீ எழுதியது ரிடயர் ஆன மனுஷருக்குப் பொழுது போகட்டும் என்றுதான், எனக்குத் தெரியாதா. அவர் அதை கவர்ன்மென்ட் உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

நம் மாடியில் குடியிருக்கிற ரெஷ்மா, நாகர்கோவில் பக்கத்துப் பெண், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அவள்தான் இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள். தண்ணீரே இல்லாமல் படகை ஓட்டிப் பார்க்க அதில் வழி இருக்கிறதாம். அப்பா குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, பஞ்சாங்கத்தோடு வந்து உட்கார்ந்தார். நீ நேர்கோடாகப் போட்டு அனுப்பியிருந்த வழியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். வடமேற்கே வருகிறான், செவ்வாய் புதன் வடக்கே சூலம், வெள்ளி ஞாயிறு மேற்கே சூலம், வாரத்தில் பாதி போச்சே என்றார். ரெஷ்மா, "அங்கிளே, சூலம் பாத்தா கப்பக்காரன் கரை சேந்த மாதிரிதான்" என்று சிரித்தாள். இவர் கேட்டால்தானே. செவ்வாய் புதன் மேற்கே, வெள்ளி ஞாயிறு வடக்கே என்று உன் கோட்டைப் படிக்கட்டாக வெட்டிவிட்டார். முதல் சாப்ட்வேர் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொண்டது. இரண்டாவது கீச்சுக் கீச்சென்று கத்தி, சிவப்பு எழுத்தில் என்னவோ சொன்னது. அப்பா அதை மலையாளத்தில் "மிண்டாதிரி" என்று அதட்டி ஸ்பீக்கரை அணைத்தார். சொன்னதைக் கேக்கறது பாரு, இதுதான் நம்மாத்துக்கு ஏத்தது என்று முதலாவதையே முடிவு செய்து, படகை ஓட விட்டார்.

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். படகு ஒரு மஞ்சள் திட்டின் மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. அந்த மஞ்சள் என்னடி என்று ரெஷ்மாவைக் கேட்டேன். தரை ஆன்ட்டி, தீவாக்கும் என்றாள். முதலாவதற்கு அந்த வரைபடம் வெறும் படம்தானாம், கடல் எது கரை எது என்று அதற்குத் தெரியாதாம். இரண்டாவதற்குத் தெரியும், அதனால்தான் அது அப்படிக் கத்தியிருக்கிறது. அந்தக் குட்டிப் படகுக்கு உன் பெயரையும் பத்மஜா பெயரையும் அப்பாவே தட்டி வைத்திருந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பஞ்சாங்கத்தை அலமாரியில் வைத்துவிட்டு வந்து ஸ்பீக்கரைப் போட்டார். கத்தட்டும் என்றார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள்தான் நானும், சுமந்த்.

ஆகவே இரண்டாவதையே வாங்கு. அது கத்தினால் வாயை அடைக்காதே, நீயும் அப்பாவுக்குப் பிறந்தவன்தானே. கம்ப்யூட்டர் நனைந்தால் கதை முடிந்தது, காகித வரைபடமும் கையில் வேண்டும் என்கிறாள் ரெஷ்மா. அப்பா சூலத்தை அடியோடு விட்டுவிட்டார் என்று நினைக்காதே. வடக்கே சூலமென்றால் ஒரு வாய் பால், மேற்கே சூலமென்றால் ஒரு துண்டு வெல்லம், தோஷமில்லையாம். ஆரியசாலைக் கடைத்தெருவில் நல்ல வெல்லமாகப் பார்த்து வாங்கிப் பார்சல் கட்டியிருக்கிறார், உங்கள் ஊர் கஸ்டம்ஸ்காரர்கள் என்ன சொல்வார்களோ. உன் நேர்கோட்டையும் திரும்பப் போட்டாயிற்று. ஆனால் திரையில் படகை நகர விடுவதில்லை, உங்கள் ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலேயே நிற்கிறது. ரெஷ்மா ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, "அவா இன்னும் கிளம்பலையே" என்றார்.

இரண்டு பேரும் தீர்க்காயுசாக, ஈரத்தலையோடு காற்றில் நிற்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருங்கள். கிளம்புகிற அன்று மறக்காமல் போன் செய். நீ சொன்ன பிறகுதான் அப்பா இங்கே கயிற்றை அவிழ்ப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சூடாமணி