மூன்றாம் கட்டில்

மந்தைவெளி,
ஆகஸ்ட் 11.

அன்புள்ள சிந்து,

குவைத் வெயில் எப்படி? நாங்கள் நலம். வாட்ஸ்அப்பில் அடித்து அடித்து அழித்தேன், அதனால்தான் இந்தக் கடிதம். சிரிக்காதே. போன வாரம் மாம்பலம் ஸ்டேஷனில் உன் அம்மாவைப் பார்த்தேன். "எம்பொண்ணு கவனமில்லாதவளா, நீயே சொல்லும்மா" என்றார். ரயில் வந்துவிட்டது என்று ஓடிவிட்டேன்.

நம் ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் தர ஆய்வுக் குழு வந்துபோனது. அதற்கு முன் பதினைந்து நாள் எங்களைப் பாடாய்ப் படுத்தினார்கள். ஊசி போடும் முன் பெயரும் பிறந்த தேதியும் கேள், கட்டில் தடுப்பை ஏற்று. தூக்கத்தில் என் வீட்டுக்காரரிடமே பிறந்த தேதி கேட்டேனாம், ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

அதற்கு நடுவில் ஒரு கூத்து. மூன்றாம் கட்டிலுக்கு வந்த தி. நகர் ஜவுளிக்கடைச் சிதம்பரநாதன் ஐயா, "வடக்க தலை வச்சுப் படுக்கவே மாட்டேன், ஆமா" என்று உட்கார்ந்தே இருந்தார். எதிர்க் கட்டில் மயிலாப்பூர் அனந்தராமன் சார், "எனக்கு எந்தத் திக்கானா என்ன, மாத்திண்டுடலாம்" என்றார். மாற்றிப் படுக்க வைத்தேன். சார்ட்டில் கட்டில் எண்ணை மாற்ற மறந்தேன். மதியம் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் தாரணி, ஐயாவுக்கான இன்சுலின் ஊசியோடு மூன்றாம் கட்டிலுக்குப் போனாள். அனந்தராமன் சாருக்குச் சர்க்கரையே கிடையாது. நல்லவேளை, பெயர் கேட்டாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே சிஸ்டர், நோட்டுல எழுதாதீங்க. அடுத்த மாசம் உங்களத்தான் வார்டு இன்சார்ஜா போடப்போறோம்" என்றார் மேனேஜர் குருபிரசாத். தவறுகளைப் பதியும் அந்த நோட்டு ஒரு வருடமாக வெள்ளையாகவே இருந்தது. நான் என் பெயர் போட்டு எழுதினேன். குழுவில் வந்த அம்மா அதைப் படித்துவிட்டு, பிறகு என்ன மாற்றினீர்கள் என்று மட்டும்தான் கேட்டார். மேனேஜர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்சார்ஜ் வேலை இனி வராது என்றே நினைக்கிறேன்.

எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சிந்து. அதுதான் தாங்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன் நம் வார்டில் படுத்திருந்த தேவானை அம்மா கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்ததற்கு உன்னை வேலையைவிட்டு அனுப்பினார்களே, ஷிப்ட் மாறும்போது அந்தத் தடுப்பை இறக்கிவிட்டு வந்தது நான். நீ அழுதபோது தண்ணீர் கொடுத்தேன், வாய் திறக்கவில்லை.

இதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நேற்று மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. வேளச்சேரியில் உங்கள் வீட்டுக்குப் போய் உன் அம்மாவின் கேள்விக்கு நானே பதில் சொல்ல வேண்டும். கதவைத் திறக்கச் சொல்லி மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவை.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்
ஜெயபாரதி