படங்கு போர்த்திய பெட்டி

கொழும்பு,
நவம்பர் 2008

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். அப்பாவின் இருமல் குறைந்ததா?

மண் சரியும் முன்பே தெரியட்டும் என்று மலையில் நாங்கள் புதைத்த சென்சார் பெட்டிகள், மண்ணின் ஈரத்தை அளந்து பல்கலைக்கழகக் கணினிக்கு அனுப்புகின்றன. போன வாரம் மற்றப் பெட்டிகள் எல்லாம் ஈரம் காட்ட, நம் லயத்து வீடுகளுக்கு மேலே உள்ளது மட்டும் காய்ந்த மண் என்றது. வகுப்பில் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். தங்கச்சி லோஜினிதான் போனில் சொன்னாள்: "அண்ணன் வச்ச பெட்டி நனையுதுன்னு அம்மா படங்கப் போர்த்தி வச்சிருக்காங்க."

அது நனையட்டும் அம்மா. தண்ணீர் புகாத அந்தப் படங்கை நீங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போங்கள். யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் தேயிலைத்தூள் கொடுத்துவிடுங்கள்.

எனக்குப் பேச்சுத்துணை இல்லை. விடிந்ததும் அந்தப் பெட்டி அனுப்பும் ஈர அளவைத்தான் பார்க்கிறேன். ஏறினால் பயமாக இருக்கிறது. ஏறாவிட்டால் வீட்டில் ஒருவரும் இல்லாதது போல இருக்கிறது.

தபாற்கந்தோர் மூடப்போகிறார்கள்.

மகன் யோகராஜ்